இருக்கலாம்

பீன்யாவில் எனக்கு வேலை
வெர்னியர் காலிப்பர் பிடிப்பது.
லேத்திலிருந்து சூடாக விழும் புஷ்ஷை
எண்ணெய் துடைத்து, அளந்து,
இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி.
இன்று அதே கருவியின் வாயில் என் விரல்.

"மோதிர விரலைக் கொஞ்சம் நீட்டுங்க எபினேசர்."
டாக்டர் வினுதாவின் தமிழில்
கன்னடம் லேசாகத் தட்டும்,
இந்த ஊர் ரசத்தில் வெல்லம் மாதிரி.

பக்கத்து நாற்காலியில் ஜெபமலர்,
ஒரே கருவிலிருந்து என்னோடு பிரிந்தவள்.
ஏழு நிமிஷம் மூத்தவள்.
வளையலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
ரத்தம் எடுக்கும் பெண்ணிடம்
ஸ்கூல் பஸ் மூன்றரைக்கு வந்துவிடும் என்கிறாள்.
ஒன்பதாம் வகுப்புவரை
அம்மாவே சில நாள் எங்களை மாற்றிக் கூப்பிட்டிருக்கிறாள்.
இப்போது எனக்குத் தாடி,
அவளுக்கு இரட்டை நாடி.
அவள் பெயருக்கு எதிரே
'ஒப்பீட்டுக்கு' என்று எழுதியிருக்கிறது.

கேள்விகள் பன்னிரண்டு பக்கம்.
கர்ப்பத்தில் தாய் சாப்பிட்ட மாத்திரைகள்?
காய்ச்சல்? அதிர்ச்சி?

மர்ஃபி டவுன் வீட்டில்
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் அம்மா.
முப்பத்திரண்டு வருஷமாக
ஒரு மாத்திரைமேல் அவளுக்குச் சந்தேகம்.
ஐந்தாம் மாதம் உதிரம் கண்டபோது
யாரோ ஒரு நர்ஸ் கொடுத்தது.
மஞ்சள். உறையில் பெயர் கிடையாது.
அது இல்லையென்றால்
பையன் வேண்டுமென்று உபவாசம் இருந்து செய்த ஜெபம்.
"கர்த்தர் பாதிதான் காதுல வாங்கினார்" என்று
ஒருமுறை சிரிக்காமல் சொன்னாள்.
காலையில் டிபன் பாக்ஸை அழுத்தி மூடியபடி,
"கண்டுபிடிச்சாங்கன்னா மறைக்காம சொல்லு."

மரபணுவில் இருக்கலாம், என்கிறார் வினுதா.
கருப்பைக்குள் சுரந்த ஏதோ ஒன்றில்,
அது சுரந்த வாரத்தில் இருக்கலாம்.
மூளையில் குருணையளவு ஓர் இடத்தில் இருக்கலாம்.
எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

"ஒரே வயித்துலதானே கெடந்தோம்?"
"ஒரே வயிறுதான். ஒரே இடம் இல்லையே" என்கிறார்.

எனக்குப் புரிகிறது.
ஒரே கம்பி, ஒரே லேத், ஒரே ஷிப்ட்,
அடுத்த பீஸ் வேறு அளவில் விழும்.
சூப்பர்வைசர் காரணம் எழுதச் சொல்வார்.
டூல் தேய்மானம். சூடு. கூலன்ட்.
பாதி நாள் ஊகம்தான்.
சரியாக வந்த பீஸுக்குக் காரணம் எழுத
அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.
எனக்காவது டிராயிங் கையில் இருக்கும், பார்த்துச் சொல்ல.
என்னுடைய டிராயிங்கை
இதுவரை யாரும் காட்டியதில்லை.

லிஃப்டில் ஜெபமலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
"என்னை ஒண்ணுமே கேக்கலையேடா,
நான் ஏன் பொம்பளைன்னு."
ஆறு மாடியும் சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

கப்பன் பார்க் தாண்டி
ரயில் வெளிச்சத்துக்கு ஏறியதும் சிக்னல் வந்தது.
முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி அழைத்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தாள்.
"என்னடா சொன்னாங்க?"

இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.
ஆமாம் என்று சொல்லவும்.

"இருக்கலாம்னாங்கம்மா."

ட்ரினிட்டி வந்தது. கதவு திறந்தது, மூடியது.

"யாரு, நீயா?"

"ம்."

"அதுக்கு எதுக்குடா ரத்தம் எடுத்தாங்க?"