பதினான்கே முக்கால்

ரோலாவில் அப்பாவின் டைப்பிங் சென்டர்
மொபைல் கடைக்கும் அத்தர் கடைக்கும் நடுவே
ஓர் ஆள் அகலம்.
என் விசாவைப் புதுப்பிக்க மட்டும் காசு வாங்கமாட்டார்.
"பட்டியலில் வெல்டிங் இருக்கிறது, மீன்வளம் இருக்கிறது,
உன் படிப்பைக் காணோம்" என்றார்.
இதர என்று போடுங்கள் என்றேன்.
ஐந்தாவது வருடமாக நான்
இதர.

சாதியாத் தீவில், மூன்றாம் மாடியில்,
திறக்காத கண்ணாடிக்குப் பின்னால்
வானியற்பியல் என்பது பெரும்பாலும் கழித்தல்.
சிலியின் மலையிலிருந்து இரவுகள் வந்திறங்கும், எண்களாக.
கருவியின் சொந்த இரைச்சலைக் கழி.
காற்றின் நடுக்கத்தைக் கழி.
பாதிவழியில் மிதக்கும் தூசி
நட்சத்திரத்தைச் சிவப்பாக்கிவிடும், அதையும்.
(ஷமால் அடித்து எதிர்க் கட்டடம்
காணாமல் போன ஒரு பகலில்
முதலாண்டு மாணவர்களுக்கு இதை விளக்க
நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.)
மிஞ்சுவதுதான் நட்சத்திரம்.

என்னுடையதில் கூடுதலாக ஒன்று மிஞ்சியது.
மெல்லிய ஏற்ற இறக்கம்,
பதினான்கே முக்கால் நாளுக்கு ஒருமுறை
யாரோ திரியைத் தூண்டிவிட்டுப் போவதுபோல.
கண்ணுக்குத் தெரியாத துணை இருக்கலாம் என்று எழுதினேன்.
பேராசிரியர் எலெனி "சுவாரசியம்" என்றார்.
அந்தச் சொல்லை அவர் வருடத்துக்கு ஒன்றுதான் செலவழிப்பார்.
போஸ்டரைச் சுருட்டி மடியில் வைத்தபடியே
லிஸ்பன் போய்த் திரும்பினேன்.
அம்மாவிடம் போனில், "துணை கிடைத்திருக்கிறது" என்றேன்.
அரை நிமிடம்
தவறாகப் புரிந்துகொண்டு சந்தோஷமாக இருந்தாள்.
நான்காம் அத்தியாயம், நாற்பத்தொரு பக்கம்.

ஷஃபான் இருபத்தொன்பது, மாலை.
எதிர் மேசை ஹிபா, சூடான்காரி,
கருந்துளைகளை மூடிவைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.
"இன்று பிறை தெரிந்தால் நாளை நோன்பு,
இல்லாவிட்டால் முப்பது.
மாதம் என்னவோ இருபத்தொன்பதரைதான்.
அந்த அரை நாளுக்குத்தான் இத்தனை கண்கள்."
சிரித்துக்கொண்டே போனாள்.
லிஃப்ட் இறங்கும் சத்தம்.

இருபத்தொன்பதரை.
அதில் பாதி.

கணினியை நான் தொடவில்லை.
எங்கள் சமையலறையில் தொங்கும்
சூப்பர்மார்க்கெட் காலண்டருக்கே தெரியும் அது,
அமாவாசையிலிருந்து பௌர்ணமிவரை
எத்தனை தாள் கிழிக்க வேண்டுமென்று.
நிலவொளி வளைந்து வளைந்து ஏறுகிறது.
நான் அதற்கு நேர்க்கோடு வைத்துக் கழித்திருந்தேன்.
இரு முனையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது.
அவ்வளவுதான்.
ஏழாயிரம் ஒளியாண்டுத் தொலைவில்
நான் இரண்டு வருடம் பழகிய துணை
தெருநாய் குரைக்கும் நிலா.

எலெனிக்கு எழுதினேன்.
நான்கு நிமிடத்தில் பதில்:
"நல்லவேளை. நடுவருக்கு முன் நீ கண்டாய்."
இதற்கு அழுவதா என்று தெரியாமல்
மொட்டைமாடிக்கு ஏறினேன்.

அங்கே கூட்டம்.
துப்புரவு ஆட்கள், கணிதத்துறையினர் இருவர்,
காவலர் பிஷ்ணு தன் தொப்பியைக் கையில் பிடித்தபடி.
எல்லாரும் மேற்கே.
"மேடம், நீங்கள் சொல்லுங்கள், எங்கே இருக்கும்?"
கையை நீட்டினேன். கோணம் சரி. உயரம் சரி.
அங்கே பழுப்புதான் இருந்தது.
தூசி.
யாரோ ஒருவர் "அதோ" என்றார், உடனே
"இல்லை, விமானம்" என்றார்.
எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

ஹிபாவின் செய்தி ஏழரைக்கு வந்தது:
தெரியவில்லையாம். முப்பது.

கீழே வந்து அட்டவணையில்
நிலவின் வயது என்று புதிய பத்தி ஒன்று சேர்த்தேன்.
இம்முறை வளைவாக.
ஓடி முடிய ஒன்பது மணிநேரம் ஆகும் என்றது திரை.
நாற்பத்தொன்று மூன்று பக்கமாகச் சுருங்கும்,
தலைப்பு: பிழைகள்.
கேன்டீனில் கடைசி ஷவர்மா இருந்தது.
மயோனைஸ் கொஞ்சம் அதிகம் வைக்கச் சொன்னேன்.