எடைச் சான்று

பீடோரில் கடல் இல்லை.
கைவிட்ட ஈயலம்பம் ஒன்று இருக்கிறது,
செம்பனைத் தோட்டத்து இருபத்தோராம் பிளாக்குக்குப் பின்னால்.
அதில் ஏழு பாய்மரப் படகுகள்,
கரையில் ஒரு துருப்பிடித்த கண்டெய்னர்.
சாவி என்னிடம்.

வார நாளில் ஆலை வாசலில் லோரி நிறுப்பேன்.
குலையோடு உள்ளே போகும் எடை,
வெறுமனே வெளியே வரும் எடை.
கழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது பணம்.
ஞாயிற்றுக்கிழமை படகு நிறுப்பேன்.
அதற்கும் கையெழுத்து உண்டு,
பணம் இல்லை.

ஆண்டறிக்கை கேட்டு எழுதியிருக்கிறார்
டென்மார்க்கிலிருந்து சங்கச் செயலாளர்.
ஒரு பக்கம் போதுமாம்.
பனி கொட்டுகிறது என்று கடைசி வரி.
இங்கே மழை.
லம்பத்துத் தண்ணீர் கண்டெய்னர் வாசல்வரை.

வளர்ச்சி என்ற கட்டத்தில்:
ஐந்து படகு ஏழானது.
புதிய இரண்டும் சிங்கப்பூர் கிளப் கழித்துவிட்டவை.
மீன் லோரியில் வந்தன.
சோப்பு, எலுமிச்சை, எதற்கும்
வாடை அசையவில்லை.

போர்ட் டிக்சன் போட்டியில்
லோகாம்பிகையும் ஹஃபிசுலும்
நாற்பத்து மூன்றில் பதினோராம் இடம்.
அலை என்ற ஒன்றின் மேல் அவர்கள் படகு ஏறியது
அன்றுதான் முதல் முறை.
இதை எழுதி, அடித்துவிட்டேன்.
பதினொன்று பதினொன்றாகவே இருக்கட்டும்.

குறைகள் என்ற கட்டத்தில்:
நான்காம் எண் படகு மூன்று கிலோ கூடுதல்.
அடித்தட்டுக்குள் எங்கோ தண்ணீர்.
ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்தோம், பதினொரு நாள்.
வெளியே வந்தது அரை வாளி தண்ணீரும்
ஒரு சிங்கப்பூர் இருபது காசும்.
இன்னும் ஒன்றரைக் கிலோ உள்ளேயே இருக்கிறது.
எதுவென்று தெரியவில்லை.

இனி, தீர்மானம்.
படகின் குறைந்தபட்ச எடையில் நான்கு கிலோ குறைப்பு.
அலுமினியப் பாய்மரம் போய்க் கார்பன் வரும்.
பழையதற்கு இரண்டு வருட அவகாசம்.
ஒரு கார்பன் மரம் என் நான்கு மாதச் சம்பளம்.
ஏழு படகுக்கு எத்தனை மாதம் என்று
லோரிச் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
பேரம் பேச யாரும் இல்லாத கணக்கு.

இருபத்தாறு நாடு, நாட்டுக்கு ஒரு வாக்கு.
அவர்களுக்குச் சாயங்காலம்,
எனக்கு விடிகாலை மூன்று.
பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தேன்.
ஆலைச் சட்டைக்கு மேல் சங்கத்துக் கோட்டு.
மலேசியா, என்று கூப்பிட்டார்கள்.
இடி. லைன் போனது.
வாய் திறந்தபடி என் முகம்
இருபத்தைந்து நாட்டுத் திரையில் உறைந்து நின்றதாக
நியூசிலாந்துக்காரர் பிறகு சொன்னார்.
பதினான்குக்குப் பதினொன்று, நிறைவேறியது.
மலேசியா: வரவில்லை.
நான் பேசியிருந்தாலும் தோற்றிருப்போம்.
ஆனால் பன்னிரண்டு பேராகத் தோற்றிருப்போம்.

அடுத்த உலகப் போட்டி லங்காவியில்.
போட்டி நடத்தும் நாட்டு அளவையாளர்
சட்டப்படி நான்.
பதினான்கு நாட்டுக் கார்பன் மரமும்
என் தராசில் ஏறித்தான் கடலுக்குப் போக வேண்டும்.
ஒரு கிராமும் விடமாட்டேன் என்றாள் லோகாம்பிகை, என் சார்பில்.
விடமாட்டேன்தான்.
கூட்டிச் சொல்லவும் மாட்டேன்.
அது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

எதிர்காலத் திட்டம் என்ற கட்டம் இரண்டு நாளாகக் காலி.
நேற்று ஆலை கேண்டீனில் தோட்ட மேனேஜர் சொன்னார்:
மார்ச்சில் இருபத்தோராம் பிளாக் மறுநடவு.
இருபத்தேழு வருட மரங்கள், எல்லாம் விழும்.
தே தாரே ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை லம்பத்துக் காற்று
செம்பனை எடுத்ததுபோக மிச்சம்.
ஓலைகள் இரைந்துகொண்டிருக்கும்,
பாய் சுருங்கித் தொங்கும்.
கன்று தலைக்கு மேல் வளர
நான்கு வருடமாவது ஆகும்.

எழுதிவிட்டேன்:
மார்ச் முதல், மலேசியாவில் காற்று கூடும்.

செயலாளரிடமிருந்து இன்று பதில்.
கடைசி வரி புரியவில்லையாம்,
வானிலை ஆய்வு ஏதாவது இருந்தால்
இணைக்கச் சொல்கிறார்.

வாசலில் முதல் லோரி ஹாரன் அடிக்கிறது.