ராணியா, பறவையா

பேராசிரியர் வொய்சிக் சுண்டிய ஒரு டொலர்
கமராவுக்கு வெளியே விழுந்து உருண்டது.
குனிந்து தேடும் சத்தம் மட்டும் கேட்டது.
நூற்றுப் பன்னிரண்டு கறுப்புச் சதுரங்கள்
ராணியா பறவையா என்று காத்திருந்தோம்.

ஸ்காபரோ பேஸ்மென்ட்.
என் மைக் அணைந்திருந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமினாள்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை;
பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

ஒன்றையொன்று சாரா நிகழ்ச்சிகளுக்கு
உதாரணம் கேட்கிறது மூன்றாம் கேள்வி.
ஒரே குளியலறை, ஒரே கேத்தில்,
கதவடியில் நான் வைத்துவிட்டு ஓடும் கோப்பை.
எதை எழுத?

"கிடைக்கவில்லை."
முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.
"பரவாயில்லை,
பாதிக்குப் பாதி என்றே வைப்போம்."

சுவரில் இருமல் நின்று
நாற்பத்தொன்று
நாற்பத்திரண்டு