ஃப்ராவ் வைரக்கண்ணு

செவ்வாய் இரவு ஏழு மணிக்கு
என் அப்பா பெண்ணாகிவிடுகிறார்.
"ஃப்ராவ் வைரக்கண்ணு!"
பீஷானில் ஒரு மூன்றாம் மாடியில்
அவருக்காக நான் கை தூக்குகிறேன்.
தஞ்சோங் பகார் துறைமுகத்தில்
முப்பது ஆண்டு பாரந்தூக்கி ஓட்டிய மனிதர்.
தன் பெயரையும் இப்படி ஒருவர் தூக்கி
இன்னொரு கப்பலில் வைப்பார் என்று
நினைத்திருக்கமாட்டார்.

எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்று சொல்ல
முதல் நிலையில் எனக்குச் சொற்கள் போதவில்லை.
இப்போது போதும்.
இருந்தும் சொல்லவில்லை.

இன்றைய பாடம் 'வைல்'. ஏனென்றால்.
அது வந்துவிட்டால் வினைச்சொல்
வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட வேண்டுமாம்.
வெய் சியாங் பேனாவை மேசையில் போடுகிறான்.
ஹசிகா தலையில் கை வைக்கிறாள்.
எனக்கோ
செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி.
கடைசிவரை காக்க வைத்து வினையைச் சொல்வதுதானே
பேச ஆரம்பித்த நாளிலிருந்து நான் செய்வது.

அடுத்த பக்கம்: அடையாளம். தாய்மொழி எது?
வெய் சியாங் சொல்கிறான்:
சான்றிதழில் மாண்டரின், அம்மாவோடு தியோச்சூ,
கோபம் வந்தால் ஆங்கிலம்.
அச்சடித்தவர்கள் ஒரு சொல்லுக்குத்தான்
கட்டம் போட்டிருக்கிறார்கள்.
"ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்" என்கிறார் ஆசிரியை.

வீட்டுப்பாடம்: 'சிங்கப்பூரில் நாம்'. நூற்று இருபது சொற்கள்.
'வீர்' என்று தொடங்கி நின்றுவிட்டேன்.
நாமா? நாங்களா?
கேட்பவரை உள்ளே அழைத்தா, வாசலில் நிறுத்தியா?
ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே கதவு.
கேட்டேவிட்டேன்.
பலகையில் இரண்டையும் எழுதச் சொன்னார்.
உச்சரித்துப் பார்த்தார். நாம். நாங்கள்.
கடைசி ள்ளில் நாக்கு வழுக்கியது.
"சரி, இந்த அறையில் நான் எதில் இருக்கிறேன்?"

அது வினைச்சொல் அல்ல,
கடைசிக்குத் தள்ளிவிட முடியாது.
"செவ்வாய்க்கிழமைகளில் நாம்" என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிக்காமல்
அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வட்டப்பாதை ரயிலில் மடியில் தாளை வைத்து
'நாம் இரவில் தாமதமாகச் சாப்பிடுகிறோம், ஏனென்றால்'
வரைக்கும் ஜெர்மனில் எழுதினேன்.
எதிரே, கட்டிய கோழிச்சோற்றுப் பையை
பாதுகாப்புக் காலணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு
ஒருவர் தூங்குகிறார்.
இந்த நாமில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று
அவரை எழுப்பிக் கேட்கவா?

பார்ட்லி வந்துவிட்டது.
வினைச்சொல் இன்னும் பாக்கி.