தலைப்பிரசவம்

சார்செல்லிலிருந்து மிஷேல் அனுப்பிய குரல்பதிவு
ஒரு நிமிடம் நாற்பது வினாடி.
பாதி மூச்சு, பாதி தமிழ்.
"சித்தி, ஆத்தா பொறந்த பத்திரம் கேக்கறாங்க.
ஒரிஜினல் நகல் வேணுமாம்."
ஒரிஜினல் நகல்.
சிரித்துக்கொண்டே கடலூர் பஸ் ஏறினேன்.

பெரியம்மா செத்துப் பதினோரு வருஷம்.
செத்ததற்கு அங்கே தாள் இருக்கிறது.
பிறந்ததற்குத்தான் இல்லை.

பதிவறையில் மங்கையர்க்கரசி மேடம்
மூக்கில் துணி கட்டிக்கொண்டு
1937-ஐ இறக்கினார்.
ஜூலையைக் கரையான் முழுசாகத் தின்றிருந்தது,
ஆகஸ்டில் பாதி.
அக்டோபர் ஒன்பதில் எங்கள் ஆள்:
பெண். பெயர் இல்லை.
தகப்பன் ராயப்பன் போந்தான்,
மில் தொழிலாளி, பாண்டி,
பிரெஞ்சுக் குடி.

"போந்தானா? எங்க போனான்?"
பழைய தமிழில் அப்படித்தான் பொருள்.
பிரெஞ்சில் நல்ல காலம்.

ராயப்பனின் தாத்தா சின்னான்
மேரிக்குப் போய், பரம்பரை வழக்கம் அத்தனையும்
விட்டேன் என்று கைக்கீறல் போட்டவர்.
விட்டதற்குக் கூலியாகப் பிரெஞ்சுச் சட்டம்,
கூடவே ஒரு குடும்பப் பெயர்.
என்ன பெயர் என்று குமாஸ்தா கேட்டபோது
வாசலில் குடுகுடுப்பைக்காரன் போனானாம்,
நல்ல காலம் பொறக்குது, நல்ல காலம் பொறக்குது.
நான் நம்பவில்லை.
பட்டப்பகலில் குடுகுடுப்பைக்கு
மேரி வாசலில் என்ன வேலை?

அறுபத்திரண்டில் ஆறு மாசம் கெடு.
பிரெஞ்சாகவே இருக்க நினைப்பவர்
எழுதிக் கொடுக்க வேண்டும்.
அம்மா கொடுக்கவில்லை.
"இருக்கறத எதுக்கு எழுதித் தரணும்?"
அண்ணன் அப்போது வயிற்றில்.
வெயிலில் அவ்வளவு நீள வரிசை.
கெடு முடிந்த அன்றைக்கு அவள்
சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.
கஞ்சி இறங்கி முடிப்பதற்குள்
இந்தியப் பெண்.

பெரியம்மாவும்தான் எழுதவில்லை.
அவளை யாரும் கேட்கவேயில்லை.
பாண்டி மண்ணில் பிறந்தவர்களுக்குத்தான் அந்தக் கெடு,
வெளியே பிறந்தவர்கள் இருந்தபடியே இருக்கலாம்.

வெளியே என்றால் பதிமூன்று மைல்.
வெளியே என்றால் மஞ்சக்குப்பம், தாய்வீடு.
ஏழாம் மாசம் வளையல் போட்டு
வண்டி கட்டி அழைத்து வந்தார்கள்
தலைப்பிள்ளைக்கு.
இரண்டாவதற்கு யார் வண்டி கட்டுவார்கள்?
அம்மா குருசுக்குப்பத்தில்
ராயப்பன் வீட்டுப் பாயிலேயே பிறந்தாள்.

சின்னான் விட்டதாகக் கீறிய வழக்கங்களில்
இது ஒன்று விடுபட்டிருக்கிறது.
பெண்கள் நடத்துகிற காரியம்,
குமாஸ்தாவும் கேட்கவில்லை,
அவருக்கும் தோன்றவில்லை.
அந்த மிச்சத்தில்தான்
மிஷேல் இன்று பிரெஞ்சுக்காரன்.

அம்மா அக்காளைக் கோபித்ததில்லை.
பாரீசிலிருந்து வரும் சோப்பை மட்டும்
உறை பிரிக்காமல் பீரோவில் அடுக்கினாள்.
அவளைக் குளிப்பாட்டும்போது
நான்தான் முதல் சோப்பைப் பிரித்தேன்.
வெடித்துப்போயிருந்தது, நுரைக்கவில்லை.

"உங்களுக்கும் ஒண்ணு போடட்டுமா?"
எனக்கெதற்கு மேடம் என்றேன்.
கதவு வரை போய்த் திரும்பி வந்து
போடுங்க என்றேன்.

பெண்ணையாறு தாண்டி முள்ளோடையில்
பாதி பஸ் இறங்கியது.
கடலூர்க்காரர்கள், சாயங்கால அவசரம்.
இந்தக் குடிக்கு
எந்தப் பக்கத்திலும் பத்திரம் கேட்பதில்லை.

படம் எடுத்து அனுப்பினேன்.
உடனே பதில்:
"சித்தி, பேரே இல்லையே.
இது ஆத்தாதான்னு எப்படிச் சொல்றது?"

தவளக்குப்பம் வரை யோசித்தேன்.