நாற்பத்தொரு மைக்ரான்

லீவார்டனில் மழை விட்டுவிட்டது.
கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கிக்கடியில் தள்ளுகிறேன்.
வீப்ரன் டைக்ஸ்ட்ரா, அறுபத்தொன்று,
நீர்வாரியத்தில் கஸ்தூரி எலி பிடிப்பவர்.
செவ்வாய்க்கிழமை காலை
கால்வாய் ஓரம் படகைக் கட்டும்போது விழுந்தார்.
கயிற்றில் பாதி முடிச்சு இருந்ததாம்.

இதயத்தின் முன்புறம் இறங்கும் தமனி,
குறுக்கே வெட்டினால் மிளகளவு வட்டம்.
இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஆஞ்சியோ அறிக்கை
மேசையில் கிடக்கிறது:
‘முப்பது சதவீத அடைப்பு. கவலைக்கு இடமில்லை.’
எழுதியவர் பொய் சொல்லவில்லை.
அவர் பார்த்தது ஓடும் நீரை.
கரையை யாரும் பார்க்கவில்லை.

கரை வெளிப்பக்கமாக வீங்கியிருக்கிறது,
ஓட்டத்துக்கு வழிவிட்டு,
மரியாதை தெரிந்த வீக்கம்.
உள்ளே கொழுப்பு இருந்த இடம்.
பதப்படுத்தும் திரவங்கள் அதைக் கரைத்துக்கொண்டுபோக
மிச்சம் வெற்று ஊசி வடிவங்கள்
வெள்ளை வெள்ளையாக,
யாரோ தையலைப் பாதியில் விட்டுப்போன மாதிரி.

அதன்மேல் நாரால் நெய்த மூடி.
அளவுகோலை வைக்கிறேன்.
இங்கே இருநூறு.
இங்கே நூற்றுப் பத்து.
மூடி சுவரோடு சேரும் தோளில்
நாற்பத்தொன்று.
தலைமுடியில் பாதி.
அதற்கப்புறம் அளக்க ஏதுமில்லை,
கிழிசல்,
கிழிசலை அடைக்க ஓடிவந்து
ஆற்றையே அடைத்துவிட்ட ரத்தக் கட்டி.

சுற்றிலும் கூட்டம்.
குப்பை அள்ள வந்த செல்கள்.
சிந்திய கொழுப்பை வாரி வாரி விழுங்கி
வயிறு நுரைத்து, நகர முடியாமல்,
உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்னும் ஆள் கேட்டுக் கூவின.
வந்தவையும் விழுங்கின.
செத்தவை கொழுப்புக் குளத்தைப் பெருக்கின.
சாகாதவை
நாரை அறுக்கும் நொதியைக் கக்கின.
நார் நெய்யும் தசைச் செல்களோ அந்தக் கூச்சலில்
கைவேலையைப் போட்டுவிட்டு
ஒவ்வொன்றாய் மாண்டன.
வேலி பயிரை மேய்ந்திருக்கிறது.

போன வாரம் அவருக்குக் காய்ச்சல்.
ஈறுகளில் பல வருடச் சீழ்.
ஐம்பது வயது வரை புகை.
இதில் யார் பெயரை எழுத?

நான்கு மணிக்கு ஹில்கியே வந்தார், அவர் மனைவி.
கையில் ஓர் இரும்புக் கம்பி, நுனியில் காய்ந்த சேறு.
படகிலிருந்து கொடுத்தார்களாம்.
“குழாய் அடைக்கலைன்னுதானே சொன்னீங்க?”
மூடியைப் பற்றிச் சொன்னேன்.
உள்ளிருந்து அரிக்கப்பட்டது,
மேலே பார்த்தால் தெரியாது, என்றேன்.

அவர் கம்பியைத் தூக்கிக் காட்டினார்.
“வளையோட வாய் தண்ணிக்கு அடியிலே இருக்கும்.
மேலே புல் பச்சையா, ஆடு மேயும்.
இதைக் குத்திக்கிட்டே போவார்.
எங்கே சுலபமா இறங்குதோ
அங்கே கரை பொய்.”
கொஞ்சம் நிறுத்தி,
“அப்போ, அவருக்குள்ளேயும் எலிதான்.”

ஆமென்று தலையாட்டியிருக்கலாம்.
பேருந்தில் போகும்போது
வெறுக்க ஒரு மிருகமாவது இருந்திருக்கும்.
“எலி இல்லை,” என்றேன்.
“எலி பிடிக்கப் போனவங்க.”

வெகுநேரம் சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.
பிறகு கேட்டார்:
“வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்கன்னு
அவங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

இருபத்தாறு வருடமாகத் தகடு பார்க்கிறேன்.
அப்படிச் சொல்லும் சேதிகள் உடம்பில் உண்டு.
மூலக்கூறுகள், அவற்றுக்கு நீளமான பெயர்கள்.
இவருக்கு அவை ஏன் போதவில்லை?
தெரியாது என்றேன்.
அன்று நான் பேசியதில்
அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டது அதை மட்டும்தான்.

கம்பியை எடுத்துக்கொண்டார்.
எண் போட்டது,
வாரியத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.
ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
நிறுத்தம் வரை நடைபாதையில் போகாமல்
ஓரத்துப் புல்லில்
அதை ஊன்றி ஊன்றிப் போனார்,
ஒவ்வோர் ஊன்றலுக்கும்
ஒரு கணம் நின்று.