இதர

சாலைக்குக் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாய்.
சக்கரம் ஏறினால் பெட்டிக்குள் ஓர் எண் கூடும்.
முதலை ஏறினாலும் கூடும்.
அதனால் மாலையில் கழித்து எழுதவேண்டியிருக்கிறது:
இன்று வந்தது நாற்பத்தொன்று,
அதில் ஒன்று அநேகமாக முதலை.

லூசியானாவின் தென்கோடி. இதற்கப்பால் சாலை கிடையாது,
புல், உப்பு, பிறகு வளைகுடா.
வாரம் மூன்று நாள் சம்பளமில்லாத வேலை எனக்கு,
தொப்பி மட்டும் அரசாங்கத்துடையது.
படிவத்தில் கட்டங்கள் உண்டு: மீன்பிடி, நண்டுபிடி, படகு,
நடை, பறவை பார்த்தல், புகைப்படம்.
கடைசியில் சுண்டுவிரல் அகலத்துக்கு, இதர.

நண்டில் சந்தேகமே வராது.
லூவோங் வீட்டார் விடியுமுன் மதகடிக்கு வந்துவிடுவார்கள்.
கோழிக்கழுத்தைக் கயிற்றில் கட்டி இறக்கியதும்
பேச்சு நின்றுவிடும்.
கயிறு விறைக்கும். சின்னவள் மூச்சடக்கி இழுப்பாள்.
கவ்வியதை விட மனமில்லாத நண்டு
கூடவே மேலே வரும்.
வயிற்றில் ஆரஞ்சு முட்டைப் பஞ்சு இருந்தால்
திருப்பி விடவேண்டும். நான் சொல்லத் தேவையில்லை.
சுங்கச்சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டுகிறவள்போல
எனக்குக் கவிழ்த்துக் காட்டிவிட்டு
அவளே தண்ணீரில் போடுவாள்.

பறவைக்காரர்கள் வேறு ரகம்.
ஒஹையோவிலிருந்து ஒரு கணவன் மனைவி,
கொசுவலைத் தொப்பிக்குள்ளேயே சண்டை.
ரோஜாநிறக் கரண்டிவாயன்கள் ஏழு தலைக்குமேல் போயின.
சண்டையை நிறுத்தினார்கள். அண்ணாந்து பார்த்தார்கள்.
விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.
பறவை பார்த்தல்: இரண்டு.

வியாழன் மாலைதான் சிக்கல்.
எரிவாயு ஆலையில் வால்வு திருகுகிற அல்சீட் மூட்டன்
ஒரு நீளப் பெட்டியோடு பார்வை மேடையில் ஏறினான்.
வாத்துப் பருவம் இன்னும் தொடங்கவில்லை.
துப்பாக்கி என்றே நினைத்து,
ரேடியோவில் விரல் வைத்தபடி பின்னால் போனேன்.
உள்ளே டிராம்போன்.

“ரெண்டு பக்கத்து டிரெய்லரிலும் இரவு ஷிப்ட்காரங்க,
பகலெல்லாம் தூங்கறாங்க, மிஸ் ஒடேல்.
ஐம்பத்து மூணு வயசுல கத்துக்கிறேன்.
இங்கே யாருக்கு என்ன கெட்டுப்போகும்?”

வனவிலங்கைத் தொந்தரவு செய்யலாகாது.
விதியின் எண்கூடத் தெரியும் எனக்கு.
வாய் திறப்பதற்குள் ஊதிவிட்டான்.
இசை என்று சொல்லமாட்டேன்.
சேற்றில் மாட்டிய டிராக்டர் இன்னொரு தரம் முயல்வதுபோல் இருந்தது.

ஓசை புல்மேல் போய் விழுந்த இடத்தில்
ஒரு கானாங்கோழி
கெக்கெக்கெக் என்றது.
கதவறைந்தாலும் இடி இடித்தாலும்
பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத பறவை.
அதற்குப் பதிலாய் இன்னொன்று. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் மூன்று.
பாதிநாள் கண்ணாடி பிடித்து நின்றும்
ஓர் இறகு காணாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர்!
இப்போது சதுப்பு முழுக்க வாய்.

பேச்சில் குறுக்கிடப்பட்டவன்போல
அல்சீட் கருவியைத் தாழ்த்திக் காத்திருந்தான்.
“திட்டுதா?”
“இது என் இடம்னு சொல்லுது. எல்லாமே அதைத்தான் சொல்லுது.”
“சரிதான்” என்றான்.
குழாயிலிருந்து எச்சிலை வடித்தான்.
அடுத்த தரம் மெதுவாக ஊதினான்,
அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி.
அதற்கும் அதே பதில்.

“மார்ச் பிறந்தால் வராதே, முட்டைக் காலம்” என்றேன்.
“ஒரு நாளைக்கு அரைமணிதான்.”
இரண்டுக்கும் தலையாட்டினான்.
அரைமணி கடந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.
வெளிச்சம் வெல்லப்பாகாய் இறுகி
கொசு வந்த பிறகுதான் பெட்டி மூடியது.

படிவத்தோடு உட்கார்ந்தேன்.
அவன் பறவை ஒன்றையும் பார்க்கவில்லை.
நடந்தது பதினெட்டுப் படி.
இதர என்று எழுதினால் ‘விவரிக்கவும்’ என்கிறது,
விவரிக்க விட்டிருக்கும் இடம் ஒரு கட்டைவிரல் நீளம்.
விவரிக்காமல் விட்டேன்.
இதர: ஒன்று.
கொஞ்சநேரம் கழித்து, நானும் அங்கேதானே நின்றேன்
என்று தோன்ற, இரண்டாக்கினேன்.

வண்டி குழாயைத் தாண்டும்போது
டப் என்றது, பிறகு டப்.
பாதி வழியில் நினைவுக்கு வந்தது,
முதலையைக் கழிக்கவில்லை.